சென்னையின் டவர் கிரேன்கள்: ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி

கேள்வி: ராஜீவ் காந்தி சாலையில் பெருங்குடி முதல் சிறுசேரி வரை தெரியும் டவர் கிரேன்களைப் பொழுதுபோக்காக எண்ண ஆரம்பித்திருக்கிறேன். மூன்று ஞாயிறு போனேன், மூன்று வேறு எண்கள் வந்தன. முறையாகப் பதிவு செய்வது எப்படி? தரையில் நின்றே உயரத்தை அளக்க முடியுமா? எந்தக் கட்டடம், எத்தனை மாடி என்பதை எங்கே பார்ப்பது?

பதில்:

எண்ணிக்கை மாறியதற்கு உங்கள் கண் காரணமில்லை, முறைதான் காரணம். ஓடும் வண்டியிலிருந்து வானத்தைப் பார்த்து எண்ணினால் ஒரே கிரேன் பெருங்குடியில் ஒரு முறை, துரைப்பாக்கம் தாண்டித் திரும்பிப் பார்க்கும்போது இன்னொரு முறை கணக்கில் ஏறும். ஒரே கோட்டில் நிற்கும் இரண்டு கிரேன்கள் ஒன்றாகத் தெரியும். சாலை நடுவே மெட்ரோ தூண்களும் மேம்பாலமும் எழுந்துவிட்டதால், இடது ஓரத்தில் போனால் வலது பக்கம் பாதி மறையும். ஆகவே மொத்த எண்ணிக்கையைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிரேனுக்கும் விரிதாளில் ஒரு வரி போடுங்கள். அந்த வரியின் அடையாளம் கிரேன் கால் ஊன்றிய இடம். கை சுற்றும், உயரம் மாறும், கம்பெனிப் பலகை மாறும், கால் மட்டும் வேலை முடியும்வரை நகராது. வரிகள் சரியாக இருந்தால் மொத்தம் தானாக வந்துவிடும்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். தெருவில் சாமான் தூக்கிப் போகும் ஹைட்ரா, சங்கிலிச் சக்கரத்தில் நகரும் கிராலர் கிரேன், மெட்ரோ சுரங்கப் பள்ளத்தின் மேல் தண்டவாளத்தில் ஓடும் கேன்ட்ரி, தூணுக்குத் தூண் பால விட்டங்களை வைக்கும் லாஞ்சிங் கர்டர் எதுவும் டவர் கிரேன் இல்லை. மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள். மாதவரம், பூந்தமல்லி, சோழிங்கநல்லூர் என எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த இயந்திரங்கள் நிற்கும். அவற்றையும் பதிவு செய்ய ஆசையென்றால் தனித் தாளில் வையுங்கள். கலந்தால் இரண்டும் கெடும். தூரத்திலிருந்து ஏமாற்றுவது இன்னொன்றும் உண்டு: கான்கிரீட் கொட்டும் பிளேசிங் பூம். அதுவும் தனி மாஸ்ட்டில் (நிமிர்ந்து நிற்கும் இரும்புச் சட்டத் தூண்), கட்டடத்தின் தலையில்தான் நிற்கும். ஆனால் அதன் கை முழங்கை மாதிரி மடியும், கையோடு குழாய் ஓடும், தொங்கும் கயிறும் கொக்கியும் இருக்காது. கொக்கி தெரியாமல் எதையும் வரியில் ஏற்றாதீர்கள்.

வகை மூன்று தெரிந்தால் சென்னைக்குப் போதும். மாஸ்ட்டின் மேல் கூம்பு மாதிரி ஒரு தலை நின்று, அங்கிருந்து முன்கைக்கும் (கொக்கி தொங்கும் நீளக் கை) பின்கைக்கும் (எடைக்கட்டி இருக்கும் குட்டைக் கை) இழுப்புக் கம்பிகள் போனால் அது ஹேமர்ஹெட். தலையே இல்லாமல் மொட்டையாக, இழுப்புக் கம்பி இல்லாமல் இருந்தால் ஃபிளாட் டாப். கை மேலும் கீழும் சாய்ந்து எழுந்தால் லஃபிங். லஃபிங் கிரேன் இடநெருக்கடியில்தான் வரும், ஏனென்றால் கையைத் தூக்கிக்கொண்டால் பக்கத்து மனையின் மேல் போகாமல் திரும்பலாம். ஃபிளாட் டாப்புக்குத் தலை இல்லாததால் மொத்த உயரம் சில மீட்டர் குறையும். பல கிரேன்கள் ஒன்றன்மேல் ஒன்று கை வீசும் பெரிய சைட்டுகளிலும், உயரக் கட்டுப்பாடு உள்ள விமான நிலையப் பக்கங்களிலும் அது பெரிய லாபம். ஹேமர்ஹெட்டையும் ஃபிளாட் டாப்பையும் பிரித்துப் பார்க்கச் சூரியனுக்கு எதிரே நிற்கும் நிழலுருவமே போதும். தயாரிப்பாளரைப் பொறுத்தவரை பொட்டெய்ன், லீப்ஹர், ஸூம்லயன், ஏஸ் போன்ற பெயர்கள் பின்கையிலோ கேபின் பக்கத்திலோ எழுதியிருக்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், பாதிப் பேர் மஞ்சள்தான். வாடகைக் கிரேன்கள் சைட் விட்டு சைட் போகும்போது மாஸ்ட் துண்டுகள் கலந்துவிடும். நடுவில் ஒரே ஒரு வெள்ளைத் துண்டு, கையில் மூன்றாவது பகுதி மட்டும் வெளிறியது என்ற மாதிரியான தழும்புகளைக் குறித்துவையுங்கள். ஒரு வருஷம் கழித்து அதே கிரேன் கோவிலம்பாக்கத்தில் எழும்போது அடையாளம் சொல்வது அந்தத் தழும்புதான்.

ஊர் முழுவதையும் ஒரே நாளில் சுற்ற நினைப்பது வீண். சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்து 2022-இல் 5,904 ஆக விரிந்தது, ஒரு ஆளால் ஆகாது. ஒரு தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: தரமணி முதல் சிறுசேரி, அல்லது பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலை, அல்லது கிண்டி–போரூர்–பூந்தமல்லி, அல்லது பெரம்பூர்–மாதவரம். அந்தத் தடத்தில் நிலையான பார்வை இடங்கள் எட்டோ பத்தோ வைத்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே வரிசையில் நின்று பாருங்கள். பறக்கும் ரயிலின் மேல்தள நிலையங்கள் இதற்கு நல்ல இடங்கள். வேளச்சேரி, பெருங்குடி, தரமணி, திருவான்மியூர் நிலையங்களுக்குப் போய்வர ஒரே டிக்கெட்டில் நான்கு கோணம் கிடைக்கும். பரங்கிமலையின் உச்சியிலிருந்து தெற்கும் மேற்கும் நன்றாகத் திறக்கும். அங்கே கேமராவை விமான நிலையத்தின் பக்கமோ ராணுவ வளாகத்தின் பக்கமோ திருப்ப வேண்டாம், கண்ணால் பார்த்து நோட்டில் எழுதுவதே போதும். நேரம் காலை ஆறரை முதல் எட்டரை. அதற்கு மேல் வெயில் ஏறினால் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் கம்பிகள் கலங்கிப் போகும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். 8×42 பைனாகுலர், கோணமானி செயலி உள்ள கைபேசி, காகித நோட்டு, பேனா. 10 மடங்கு பைனாகுலர் கையில் நடுங்கும், அதனால் மாஸ்ட் துண்டுகளை எண்ணும்போது வரிசை தவறும். ட்ரோன் பக்கம் போகவே வேண்டாம். மீனம்பாக்கம், தாம்பரம் விமானப்படைத் தளம், துறைமுகம் என்று நகரத்தின் பெரும்பகுதி ஏதாவது ஒரு தடைக்குள் விழும், ட்ரோன் தடைப் பகுதிகளைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்தாலே தெரியும். இந்தப் பொழுதுபோக்குக்கு ட்ரோன் தேவையுமில்லை.

கால் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு இடத்திலிருந்து திசைக் கோணம் எடுங்கள். முதல் நிலையத்திலிருந்து மாஸ்ட்டின் நடுக்கோட்டுக்குத் திசைமானிக் கோணம், இரண்டாவது நிலையத்திலிருந்து இன்னொன்று. வரைபடத்தில் இரண்டு கோடு போட்டால் வெட்டும் இடம் கிரேன். இரண்டு கோடுகளுக்கும் இடையில் 60 முதல் 120 டிகிரி வரை இருக்கும்படி நிலையங்களைத் தேர்ந்தெடுங்கள். கோடுகள் கிட்டத்தட்ட இணையாக ஓடினால் வெட்டுப்புள்ளி அரை கிலோமீட்டர் சுலபமாக நழுவும். கைபேசித் திசைமானி 3 டிகிரி தவறினால் 2 கிலோமீட்டர் தூரத்தில் பிழை சுமார் 105 மீட்டர், அதாவது பக்கத்து மனைக்கே போய்விடும். தவறு பெரும்பாலும் இரும்பால் வரும். பிளாட்பாரக் கைப்பிடிக் கம்பி, வண்டியின் பெட்ரோல் டேங்க், காந்தம் வைத்த கைபேசி உறை எல்லாமே ஊசியை இழுக்கும். இரும்பை விட்டு இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கைபேசியை எட்டு போட்டுச் சுழற்றிவிட்டு எடுங்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் சென்னையில் இரண்டு டிகிரிக்கும் குறைவான வித்தியாசம்தான், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கோணம் எடுத்தபின் செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்கினால் பெரும்பாலும் கிரேன் கையின் நிழலோ, தோண்டிய பள்ளமோ தெரியும். கால் அங்கே. ஆயத்தொலைவை ஐந்து தசமம் வரை எழுதுங்கள், அது ஒரு மீட்டர் அளவு நுணுக்கம்.

உயரத்துக்கு வருவோம். தரையிலிருந்து அளக்கலாம், ஆனால் முக்கோணக் கணக்கில் சிக்கல் இருக்கிறது. மாஸ்ட் அடியிலிருந்து 150 மீட்டர் தள்ளி நின்று, கேபினின் அடிப்பகுதியைப் பார்த்தால் 32 டிகிரி காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 32-இன் டான் மதிப்பு 0.625, அதை 150-ஆல் பெருக்கினால் 93.7, கண் உயரம் 1.6 சேர்த்தால் 95 மீட்டர். கோணத்தில் ஒரு டிகிரி தவறினால் விடையில் மூன்றரை மீட்டர் தவறும், அதாவது ஒரு மாடி. கோணம் 45-க்கு அருகில் இருக்கும்போது பிழை மிகக் குறைவு, அதே கிரேனுக்கு 3.3 மீட்டர். 20 டிகிரியில் தூரத்திலிருந்து பார்த்தாலும், 70 டிகிரியில் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் 5 மீட்டருக்கு மேல் போகும். அதனால் கட்டட உயரம் அளவுக்கே தள்ளி நில்லுங்கள்.

எல்லோரும் செய்யும் பெரிய தவறு கையின் நுனியைப் பார்த்துக் கோணம் எடுப்பது. அந்த நேரத்தில் கை உங்கள் பக்கம் 50 மீட்டர் நீண்டிருந்தால் நுனி உண்மையில் 100 மீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. கோணம் 43 டிகிரி காட்டும், நீங்கள் 150-ஆல் பெருக்கி 141 மீட்டர் என்று எழுதிவிடுவீர்கள். 95 மீட்டர் கிரேன் உங்கள் தாளில் 46 மீட்டர் வளர்ந்துவிடும். எப்போதும் மாஸ்ட்டையே பாருங்கள்.

இதைவிடச் சிறந்த முறை மாஸ்ட் துண்டுகளை எண்ணுவது. மாஸ்ட் ஒரே உருவமாகத் தெரிந்தாலும் ஒரே அளவுத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போல்ட் போட்டு அடுக்கியதுதான். ஒரு துண்டு பெரும்பாலும் 3 மீட்டருக்கு அருகில், சில மாடல்களில் 2.5 அல்லது 2.8. பைனாகுலரில் பார்த்தால் துண்டும் துண்டும் சேரும் இடத்தில் நான்கு மூலையிலும் தடித்த இணைப்பு தெரியும், ஏணியும் அங்கே ஒரு சின்ன மேடையில் நின்று மாறும். கைபேசியில் படம் எடுத்து, வீட்டில் பெரிதாக்கி, பேனா நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுங்கள். கீழே ஹோர்டிங் (மனையைச் சுற்றிய தகர வேலி) மறைக்கும் பகுதிக்குக் கட்டடத்தையே அளவுகோலாக்கலாம்: குடியிருப்பில் மாடிக்கு மாடி சுமார் 3 மீட்டர், அலுவலகக் கட்டடத்தில் 4 மீட்டர் சுற்றி. துண்டின் நீளம் தெரியாவிட்டால் அதையும் பக்கத்து மாடிகளோடு ஒப்பிட்டுத் தீர்க்கலாம். பத்து மாடிக்குப் பத்துத் துண்டு என்றால் துண்டு 3 மீட்டர். இந்த எண்ணிக்கையில் ஒன்றிரண்டுக்கு மேல் தவறாது. முக்கியமாக, அடுத்த முறை வரும்போது கூடியிருக்கிறதா என்பது சந்தேகமில்லாமல் தெரியும்.

ஏனென்றால் இந்தப் பொழுதுபோக்கின் உயிரே கிரேன் ஏறும் நாள்தான். கிரேன் எப்படி வளர்கிறது என்பதை ஒரு தடவை நின்று பாருங்கள். கேபினுக்குக் கீழே மாஸ்ட்டைச் சுற்றி ஒரு கூண்டு இருக்கும். ஏற்றம் நடக்கும் நாளில் கொக்கியில் ஒரு எடையைத் தூக்கி, குறித்த தூரத்தில் நிறுத்தி, முன்கையும் பின்கையும் சமநிலைக்கு வரும்வரை சரிசெய்வார்கள். பிறகு மேல்பகுதியை மாஸ்ட்டோடு பிணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, ஹைட்ராலிக் ஜாக்கியால் முழுத் தலையையும் ஒரு துண்டு உயரம் தள்ளுவார்கள். கூண்டுக்குள் இடைவெளி திறக்கும், புதிய துண்டு முன்பக்கத்திலிருந்து தண்டவாளத்தில் உள்ளே நகரும், போல்ட் போடுவார்கள். அந்த நேரம் முழுவதும் கிரேன் சுற்றவே சுற்றாது. சுற்றினால் சமநிலை போய்விடும். காற்று வரம்பும் வழக்கமான வேலையைவிடக் கடுமையானது. ஆகவே வேலை நாளில் கை அசையாமல் நிற்க, கூண்டைச் சுற்றி ஆட்கள் நின்றால் அது ஏற்றம். தேதியைக் குறியுங்கள்.

ஏற்றங்களுக்கு இடையே எவ்வளவு நாள் என்பது கட்டும் முறையைப் பொறுத்தது. அலுமினியம் ஃபார்ம்வொர்க் (கான்கிரீட் வார்க்கும் அச்சுப் பலகை), சைட்டில் மைவான் என்பார்கள், அதில் ஒரு மாடி 7 முதல் 10 நாளில் ஏறும். பழைய பலகை, ஜாக்கி சென்ட்ரிங்கில் இரண்டு மூன்று வாரம் ஆகும். ஒரே ஏற்றத்தில் மூன்று முதல் ஆறு துண்டுகள் போடுவது வழக்கம். எனவே 15 நாளுக்கு ஒரு முறை போனால் எந்த ஏற்றமும் தப்பாது, மாதம் ஒரு முறை போனால் சில இடங்களில் இரண்டு ஏற்றம் ஒன்றாகத் தெரியும். சுமார் 40, 50 மீட்டர் வரை கிரேன் தன் காலிலேயே நிற்கும். அதற்கு மேல் போக வேண்டுமானால் கட்டடத்தோடு காலர் வைத்து இரும்புத் தாங்கிகளால் கட்டுவார்கள், இந்தக் கட்டுக்கு டை என்று பெயர். புதிய டை ஒன்று தெரிந்தால் அடுத்த சில நாளில் ஏற்றம் என்று பொருள். ஒரே சைட்டில் இரண்டு மூன்று கிரேன்கள் இருந்தால் எது முதலில் ஏறும் என்றுகூட ஊகிக்கலாம். மேலே இருப்பதன் கொக்கி கீழே இருப்பதன் கையைத் தாண்டிப் போக வேண்டும், ஆகவே உயரமானது முன்னால் ஏறி வழிவிட்ட பிறகே தாழ்ந்தது ஏறும்.

கிரேன் வரும் நாளையும் பிடிக்கலாம். பள்ளத்தின் அடியில் ராஃப்ட் என்னும் அடித்தளக் கான்கிரீட் முடிந்து, ஒரு மூலையில் நான்கு இரும்புக் கால்கள் தலை நீட்டினால் அதுவே ஆங்கர், கிரேன் மாஸ்ட்டைப் பிடித்துக்கொள்ளும் பகுதி. பள்ளிக்கரணை, பெருங்குடிப் பக்கக் களிமண்ணில் கிரேனின் அடித்தளத்துக்கே பைல் (ஆழத்தில் இறக்கும் தூண்) இறக்க வேண்டி வரும். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் சார்னோக்கைட் பாறை. அந்தக் கல்லுக்கு 1893-இல் பெயர் வைத்ததே இந்த ஊர்ப் பாறையை வைத்துத்தான். அங்கே பள்ளம் தோண்டத்தான் மாதங்கள் போகும், அடித்தளம் சீக்கிரம் முடியும். பிறகு ட்ரெய்லர்கள் வரும், ஒரு பெரிய மொபைல் கிரேன் வரும், இரண்டு முதல் நான்கு நாளில் எழுப்பிவிடுவார்கள். வரிசை எப்போதும் ஒன்று: மாஸ்ட், கூண்டு, சுழலும் பகுதியும் கேபினும், தலை, பின்கை, மாடலுக்கேற்பப் பின்கையில் கொஞ்சம் எடை, அதன்பின் முன்கை, கடைசியில் மீதி எடைக்கட்டிகள். முன்கை இல்லாமல் பின்கை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு கிரேனைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை, மறுநாள் வாருங்கள்.

ஞாயிறு கணக்கெடுப்புக்கு ஒரு கூடுதல் பலன் உண்டு. வேலை முடிந்து ஆபரேட்டர் இறங்கும்போது சுழற்சி பிரேக்கை விடுவித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அப்போது கிரேன் காற்றாடி மாதிரி திரும்பி, முன்கை காற்று போகும் பக்கம் நீட்டி நிற்கும். வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் எல்லாக் கைகளும் தென்மேற்கைப் பார்க்கும். சித்திரை, வைகாசி ஞாயிற்றில் காலையில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்றில் கிழக்கே கடலைப் பார்த்தவை, மதியம் கடற்காற்று புகுந்ததும் ஒவ்வொன்றாக மேற்கே திரும்பும். முதலில் கடலோரம், அப்புறம் ராஜீவ் காந்தி சாலை, நேரம் கழித்துப் போரூர் பக்கம். இது பார்க்க அவ்வளவு அழகான காட்சி, கடற்காற்று நகருக்குள் நடந்து வருவதைக் கண்ணால் காணலாம். கணக்குக்கும் உதவும்: எல்லாக் கைகளும் ஒரே திசையில் நிற்கும்போது ஒன்றையொன்று மறைப்பது குறைவு. ஒன்று மட்டும் குறுக்கே நின்றால் குறித்துக்கொள்ளுங்கள். கட்டடம் தடுத்திருக்கலாம், இன்னொரு கையோடு மோதாமல் கட்டி வைத்திருக்கலாம், அல்லது பிரேக் விடாமல் இறங்கியிருக்கலாம். கடைசியாகச் சொன்னது ஆபத்து. பக்கவாட்டில் காற்று முழுக் கையையும் தள்ளும், அந்தப் பாரம் மாஸ்ட்டின் அடிக்குப் போகும். புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் அப்படிக் கண்டால் சைட் வாசலில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். 2016 டிசம்பர் 12 வர்தா மாதிரி ஒரு காற்றுக்கு முன்னால் அரை மணி நேரப் பேச்சு பெரிய விஷயம். கையிலும் மாஸ்ட்டிலும் பெரிய விளம்பரத் துணி கட்டியிருந்தால் அதையும் எழுதுங்கள், காற்று பிடிக்கும் பரப்பு கூடுகிறது.

ஆயுத பூஜை நாளை விடாதீர்கள். அன்று கிரேன்கள் ஓயும், கொக்கிக்குச் சந்தனம், குங்குமம், மாலை, மாஸ்ட் அடியில் வாழைக்கன்று. நின்ற இடத்தில் நின்றவையாக ஆண்டுக்கு ஒரு முழுக் கணக்கு எடுக்க அதைவிட நல்ல நாள் இல்லை. பருவம் இன்னொன்றையும் சொல்லும். ஆடியிலும் மார்கழியிலும் பூமி பூஜை குறைவு. தை, ஆவணியில் தொடங்கிய வேலைகளுக்குப் பள்ளமும் அடித்தளமும் முடிந்து கிரேன் எழப் பல மாதம் பிடிக்கும், ஆகவே புதிய கிரேன்களின் வரவை அந்தத் தாமதத்தோடு படியுங்கள்.

இரவுக் கணக்கு ஒரு நல்ல சரிபார்ப்பு. ஏழு மணிக்கு மேல் மொட்டை மாடியில் நின்றால் சிவப்பு விளக்குகள் தெரியும். செல்போன் கோபுரத்துக்கும் சிவப்பு விளக்குதான். கிரேனுக்கு முன்கை நுனி, தலை, பின்கை முனை என ஒரே கோட்டில் இரண்டு மூன்று விளக்குகள், நடுவில் இருப்பது ஒரு முனைக்கு நெருக்கமாக இருக்கும்.

இனி எந்தக் கட்டடம் என்பது. வழி எப்போதும் இடத்திலிருந்து காகிதத்துக்குப் போக வேண்டும். காகிதத்திலிருந்து இடத்தைத் தேடினால் விளம்பரப் பெயர்களில் தொலைந்துபோவீர்கள். சைட் வாசல் பலகையில் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) திட்ட அனுமதி எண்ணும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு எண்ணும் இருக்கும், பொதுவழியில் நின்றே படிக்கலாம். ஆணைய இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் மாடி எண்ணிக்கை, முடிக்க வேண்டிய தேதி, காலாண்டு முன்னேற்றம் எல்லாம் கிடைக்கும். ஆனால் விற்பனைக்கான குடியிருப்பு, வணிகத் திட்டங்களே அதில் வரும். சொந்த அலுவலக வளாகம், மருத்துவமனை, அரசுக் கட்டடம் வராது. அவற்றுக்கு வேறு கதவு உண்டு: கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் என்றால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும், அந்த விண்ணப்பங்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கின்றன. மனையின் ஆயத்தொலைவு, ஒவ்வொரு பிளாக்கின் மாடி, பேஸ்மென்ட் என்று நீங்கள் கேட்கும் எல்லாமே அதில் கிடைக்கும். உங்கள் கிரேனின் கால் அந்த எல்லைக்குள் விழுகிறதா என்று பாருங்கள். அனுமதியில் 30 மாடி என்றிருப்பதால் கட்டடம் 30 மாடி என்று எழுதிவிடாதீர்கள். அனுமதி ஒரு பத்தி, கண்ணால் கண்ட ஸ்லாப் இன்னொரு பத்தி.

பழைய நிலையைத் தெரிந்துகொள்ள கூகுள் எர்த்தின் கணினிப் பதிப்பில் பழைய தேதிப் படங்களைத் திருப்பிப் பாருங்கள். ஐரோப்பிய செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படங்கள் இலவசம், ஐந்து நாளுக்கு ஒன்று, ஆனால் ஒரு புள்ளி 10 மீட்டர். கிரேன் தெரியாது, மனை சுத்தமான தேதியும் பள்ளம் விழுந்த தேதியும் தெரியும். வடகிழக்குப் பருவமழையில் மேகம் மூடிவிடும். கூர்மையான படத்தில் கை நீளத்தைச் சுழலும் மையத்திலிருந்து நுனிவரை நேராக அளக்கலாம். உயரத்துக்கு நிழலைப் பயன்படுத்தினால், அதே படத்தில் உயரம் தெரிந்த ஒரு கட்டடத்தின் நிழலோடு விகிதம் போடுங்கள். நிழல் பக்கத்துக் கூரையில் விழுந்தால் குட்டையாகிவிடும், அந்த அளவு வேண்டாம். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஒட்டிய நாள்களில் நடுப்பகல் சூரியன் சென்னையின் உச்சியில் நிற்கும், அந்த வாரங்களின் நிழல்கள் குறுகியவை, பிழை அதிகம். படம் எடுக்கும் கண்ணில் பார்த்தால் அந்த இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட காலத்தில் நடுப்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும். மற்ற மாதங்களில் இருட்டாக வரும் வடக்கு முகம் அப்போது நன்றாக வரும்.

ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி: "ரே-07-ஆ. ஃபிளாட் டாப், மஞ்சள், கீழிருந்து 9-வது துண்டு வெள்ளை. கால்: மனையின் வடகிழக்கு மூலை, கட்டடத்துக்கு வெளியே. மார்ச் 2: 22 துண்டு, ஸ்லாப் 15, டை 1. மார்ச் 16: 22 துண்டு, ஸ்லாப் 17, டை 2. மார்ச் 30: 27 துண்டு, ஸ்லாப் 19, டை 2. பார்த்த இடம்: நிலை 4." இதில் 'ரே' ரேடியல் சாலை, 07 மனை எண், 'ஆ' அந்த மனையின் இரண்டாவது கிரேன். கிரேன் போய்விட்டால் வரியை அழிக்காமல் கடைசியாகப் பார்த்த தேதியைப் போட்டு மூடுங்கள். அடையாள எண்ணை வேறு கிரேனுக்கு மறுபடி தராதீர்கள், அதே மூலையில் புதியது வந்தாலும் அது 'இ'. பார்க்கப் போய் மறைவால் தெரியாமல் போன நாளைக் காலியாக விடாமல் 'தெரியவில்லை' என்று எழுதுங்கள். 'தெரியவில்லை'யும் 'இல்லை'யும் ஒரே கட்டத்தில் கலந்ததும் உங்கள் மூன்று ஞாயிறுகள் மூன்று எண் காட்டியதற்கு ஒரு காரணம். யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பங்களிக்க விரும்பினால் மனையைக் கட்டுமான நிலமாக வரையலாம். கிரேன்கள் தற்காலிகம், அவற்றை உங்கள் சொந்த அடுக்கிலேயே வைத்துக்கொள்வது நல்லது. தொழிலாளர்கள் முகம் தெரியும் படங்களைப் பொதுவில் போடாதீர்கள், ஹோர்டிங்குக்குள் கால் வைக்காதீர்கள், கை வீசும் பாதைக்குக் கீழே நின்று படம் எடுக்காதீர்கள்.

மொத்த எண்ணிக்கையை வைத்து நகர வளர்ச்சியைப் பேசும்போது ஒரு எச்சரிக்கை. ரைடர் லெவெட் பக்னல் நிறுவனம் ஆஸ்திரேலிய, வட அமெரிக்க நகரங்களுக்குக் கிரேன் குறியீடு வெளியிடுகிறது, அந்த மாதிரி சென்னைக்கும் செய்யலாம் என்று தோன்றும். ஆனால் இங்கே 18.3 மீட்டருக்கு உட்பட்ட கட்டடங்கள் உயர்மாடி வகையில் வராது. ஸ்டில்ட்டும் (வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டும் உள்ள தரைத்தளம்) ஐந்து மாடியுமாக எழும் அந்தக் கட்டடங்கள் பெரும்பாலும் வின்ச்சும் கான்கிரீட் பம்பும் வைத்தே முடிந்துவிடும், டவர் கிரேன் வராது. மைவான் பலகைகளை ஆட்கள் ஸ்லாப் ஓட்டை வழியே கைமாற்றி மேலே அனுப்புவதால் உயரமான குடியிருப்புக்கும் கிரேன் குறைவாகவே தேவைப்படும். கண்ணாடி அலுவலகக் கட்டடம் ஒன்றுக்கு இரண்டு கிரேன், பக்கத்தில் 400 வீட்டுக்கு ஒரு கிரேன் என்பது சாதாரணம். உங்கள் எண் எதைக் காட்டுகிறது என்பதை வகை பிரித்தே சொல்ல முடியும்: அலுவலகம், குடியிருப்பு, மற்றவை. அந்தப் பத்தியை இன்றே சேர்த்துவிடுங்கள், பின்னால் நிரப்புவது கஷ்டம்.

கடைசிக் கட்டம் பலர் தவறவிடுவது. மேல் ஸ்லாப் போட்டதும் கிரேன் போய்விடாது. தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் இயந்திர அறை, முகப்புச் சாமான்கள் என்று மாதக்கணக்கில் நிற்கும். வெளியே நிற்கும் கிரேன் ஏறிய வழியிலேயே கூண்டால் துண்டு துண்டாக இறங்கும். கை கட்டடத்தில் இடிக்கும் இடம் வந்தால் மொபைல் கிரேன் வந்து கழற்றும். அதனால் துண்டு எண்ணிக்கை குறைய ஆரம்பித்தால் வாரம் ஒரு முறை போங்கள். சில கிரேன்கள் கட்டடத்துக்கு உள்ளேயே, லிஃப்ட் குழியிலோ ஸ்லாப்பில் விட்ட சதுர ஓட்டையிலோ நின்று ஏறும். அவற்றுக்கு மாஸ்ட் வெளியே தெரியாது, துண்டு எண்ணவும் முடியாது. கூரைக்கு மேல் எத்தனை துண்டு நிற்கிறது என்பதையும் ஸ்லாப் எண்ணையும் மட்டும் எழுதுங்கள். அது கீழே இறங்கிவர வழியில்லை. கூரையில் டெரிக் என்னும் ஒரு சிறிய தூக்கி எழும்பி பெரியதைக் கழற்றி இறக்கும், பிறகு அந்த டெரிக்கைக் கையாலேயே பிரித்து லிஃப்ட்டில் கொண்டுவருவார்கள். கூரையில் டெரிக் தெரிந்த நாள், முன்கை மறைந்த நாள், மாஸ்ட் மறைந்த நாள் என மூன்று தேதிகளையும் போட்டு வரியை மூடுங்கள்.